மணல் மட்டும் இருக்கிற ஊரில் பாறையை எப்படிப் படிப்பிப்பது?

கேள்வி மட்டக்களப்புக் கரையோரத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் முன்பள்ளி ஆசிரியை. பின்னேரத்தில் தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறார். பாறை, கனியம், மண் மூன்றையும் சொல்லிக்கொடுக்க ஆசை, ஆனால் "எங்கட ஊரில் எங்கே தோண்டினாலும் மணல்தான், காட்டுவதற்கு ஒரு கல்லும் இல்லை" என்கிறார். இணையத்தில் விற்கும் கல் மாதிரிப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவருடைய சிக்கல் பெட்டியைப் பற்றியதே இல்லை. பாறை கண்ணில் படாத இடத்தில் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் அவர் திகைத்து நிற்கிறார். நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, நெடுங்காலம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களோடு வேலை செய்தவன். கல்லைப் பற்றிச் சொல்வது என் படிப்பு. பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது வகுப்பறையில் பார்த்தது மட்டும். குழந்தை உளவியல் நான் படித்ததில்லை. அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், முதலில் உங்கள் முற்றத்து மணலையே எடுங்கள். ஒரு சிட்டிகை போதும். வெள்ளைத் தாளில் பரப்பி, புத்தகக் கடையில் கிடைக்கும் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தில் ஒரே வெளிர் மஞ்சளாகத் தெரிந்த மணல் கிட்டப் பார்த்தால் பல நிறம். ஒளி ஊடுருவும் மணிகள்தான் அதிகம், அவை குவார்ட்ஸ் என்ற கனியம். இடையிடையே மங்கல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ச் சில. அவை பெரும்பாலும் பெல்ஸ்பார். கறுப்புப் பொட்டுகள் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மாதுளை நிறத்தில் ஒன்றிரண்டு கார்னெட் மணிகளும் அகப்படும். கடற்கரை மணல் என்றால் சிப்பித் துண்டுகளும் கலந்திருக்கும். சிப்பியை விட்டால் மற்றதெல்லாம் ஒருகாலத்தில் மலைக்குள் இருந்தவை. பாறை வெயிலிலும் மழையிலும் உக்கிப் பொரிந்து, ஆற்றோடு இறங்கிக் கடலுக்கு வந்து, அலை கரையில் ஒதுக்கியதுதான் நம் காலடி மணல். குவார்ட்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு மிஞ்சியது என்று கேளுங்கள். அது கடினம், இலேசில் உக்காது. பெல்ஸ்பார் அப்படியல்ல, மழைநீர் பட்டுப் பட்டு மெல்லக் களியாக மாறிவிடும். ஆக, வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரையின் மணலும் உள்நாட்டுப் பக்கமான படுவான்கரை வயலின் களியும் ஒரே கருங்கல்லின் இரண்டு பங்கு. உக்காத பங்கு மணல், உக்கிய பங்கு களி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நீங்கள் படிப்பிக்கப் போகும் பாடம் முழுவதையும் இந்த ஒன்றின் மேலேயே கட்டலாம்.

வாடைக்காற்றுக் காலம் ஓய்ந்த பிறகு, தை மாசியில், கடற்கரைக்குப் போனால் சில இடங்களில் மணலின் மேல் கறுப்புக் கோடுகள் நெளிந்து கிடக்கும். பிள்ளைகள் அதை ஊத்தை என்றோ எண்ணெய் என்றோ சொல்வார்கள். அது கனிய மணல். ஒரே பருமனுள்ள குவார்ட்ஸ் மணியைவிட, அதில் இருக்கும் இல்மனைட் என்ற கறுப்புக் கனியத்தின் மணி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரம். அலை ஏறி இறங்கும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது தங்கிவிடுகிறது. அம்மம்மாவோ உம்மம்மாவோ சுளகில் அரிசி புடைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை, கடல் புடைத்திருக்கிறது என்றால் போதும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சொப்பிங் பையால் சுற்றிக் கறுப்புக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். கொஞ்சம் மணி துள்ளி வந்து ஒட்டும், கொஞ்சம் சோம்பலாக அசையும், கொஞ்சம் அசையவே அசையாது. பையை உரித்தால் ஒட்டியது கையோடு வந்துவிடும். பை இல்லாமல் ஓட்டினால் காந்தத்தைத் துப்புரவாக்கவே ஒரு நாள் போய்விடும். துள்ளி ஒட்டுவது பெரும்பாலும் மக்னடைட் என்ற இரும்புக் கனியம், இல்மனைட்டின் காந்த ஈர்ப்பு குறைவு. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் இந்த இரண்டும்தான் என்று சொல்லிவிடாதீர்கள். ஹோர்ன்பிளென்ட் போன்ற வேறு கறுப்புக் கனியங்களும் அதே மணலில் உண்டு. வெறும் கண்ணாலும் கைக்கண்ணாடியாலும் அவற்றை நிச்சயமாகப் பிரிக்க என்னாலும் ஏலாது, அது ஆய்வுகூட வேலை. பிள்ளைகளுக்கு "காந்தத்துக்கு வருகிற கறுப்பு, வராத கறுப்பு" என்பதே போதுமான வகைப்படுத்தல். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் இதே கறுப்பு மணல் பெரும் படிவாக இருக்கிறது. அதை எடுக்க 1957இல் அரச கூட்டுத்தாபனமே அமைத்தார்கள். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டையொக்சைட்தான் பெயின்றுக்கு வெண்மையைக் கொடுக்கிறது. கறுப்பு மணலில் இருந்து வெள்ளைப் பெயின்ற் வருகிறது என்றால் ஐந்து வயதுப் பிள்ளை நம்பாது. நம்பாமல் வீட்டில் போய்க் கேட்கட்டும்.

இனிக் கல்லுக்கு வருவோம். ஊரில் கல் இல்லை என்று சொன்னீர்கள். வீடு கட்டாத ஒழுங்கை ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறதா? கொங்கிறீற்றுக்குப் பறித்து வைத்த கருங்கல் சல்லிக் குவியலைவிட நல்ல மாதிரிப் பெட்டி கடையில் கிடைக்காது. புதிதாய் உடைத்த கல் என்பதால் பாசியோ தூசியோ மறைக்காது, உள்முகம் அப்படியே தெரியும். வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு வாளி வாங்கிக் கழுவுங்கள். ஒரு துண்டைக் கையில் வைத்து வெயிலில் மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் கறுப்பாய் ஒன்று பளிச்சென்று மின்னி அணையும். நகத்தால் நெம்பினால் மெல்லிய தகடாக உரியும். அதுதான் கறுப்பு மைக்கா, காக்காப்பொன் இனம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன ஒரு தட்டையான முகம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அது பெல்ஸ்பார். எப்படித் திருப்பினாலும் தட்டை முகம் காட்டாமல் சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசியது மாதிரி மினுங்குவது குவார்ட்ஸ். மணலில் தனித்தனியாகப் பார்த்தவை எல்லாம் இங்கே ஒன்றாக இறுகிக் கிடக்கின்றன. கனியம் என்றால் என்ன, பாறை என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணம் சொல்லத் தேவையே வராது. இந்தத் துண்டு பாறை, அதற்குள் இருக்கும் மூன்றும் கனியம்.

சில துண்டுகளில் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். எல்லோரும் கருங்கல் என்றும் கிறனைட் என்றும் சொல்லும் இந்தக் கல் நம் பகுதியில் பெரும்பாலும் நைஸ் என்ற உருமாறிய பாறை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களின் அடியிலும் பரந்திருப்பது புவிச்சரிதவியலில் விஜயன் தொகுதி என்று சொல்லும் பாறைக் கூட்டம். அதன் பாறைகள் முதலில் உருவானது ஏறத்தாழ ஆயிரம் மில்லியன் ஆண்டுகளுக்கு முன். பிறகு நிலத்தின் ஆழத்தில் வெந்து அமுங்கி உருமாறியது ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்தில் அந்தாட்டிக்காவும் மடகஸ்காரும் நமக்குப் பக்கத்து வளவு. இங்கேதான் பாடப்புத்தகப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை. தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெட்டி போட்டு, மூன்றிலும் ஒவ்வொரு கல் கொண்டு வா என்று எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பினால் அது எதைக் கொண்டு வரும்? நம் அடிப்பாறையில் மிகப் பெரும் பங்கு ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். டொலரைட் என்ற தீப்பாறை கிழக்கில் ஒடுங்கிய கோடுகளாக ஆங்காங்கே உண்டு, ஆனால் தேடிப் போனால்தான் கிடைக்கும். அடையற்பாறை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் யாராவது ஒரு சுண்ணக்கல் துண்டு கொண்டுவர வேண்டும். அதனால் மூன்று வகைப் பெயரைத் தரம் 3க்கு முன்னர் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பரீட்சைக்குத் தேவைப்படும் காலத்தில் அது தானாக வரும்.

இணையத்தில் பாறை வட்டத்துக்கென்று (ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறுவதைக் காட்ட) சொல்லும் சொக்லேற் உருக்கும் விளையாட்டையும், அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றிப் பொங்க வைக்கும் எரிமலையையும் நான் பரிந்துரைப்பதில்லை. முதலாவதில் பிள்ளைக்குச் சொக்லேற் மட்டும் நினைவில் நிற்கும். இரண்டாவதில் நடப்பது அமிலமும் சோடாவும் சேர்ந்து வாயு வருவது. எரிமலை வெடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலையும் இல்லை. மகா ஓயா வெந்நீரூற்றுக்குப் போய்வந்த பிள்ளை யாராவது அடியில் எரிமலை இருக்கிறதா என்று கேட்கும். இல்லை, மழைநீர் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. நைஸின் வரியை விளக்க இரண்டு நிறக் களியை அடுக்கி அமுக்கிக் காட்டலாம், பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் உண்மைப் பாறையில் எல்லா வரியும் பழைய அடுக்கின் மிச்சம் இல்லை. சூட்டிலும் அழுத்தத்திலும் கனியங்கள் தாமாகப் பிரிந்து ஒதுங்கியதாலும் வரி உண்டாகும். அதனால் "இப்படித்தான் வந்தது" என்று அடித்துச் சொல்லாமல் "அமுக்கினால் இப்படியும் ஆகும்" என்று நிறுத்துங்கள்.

பாறையை அதன் இடத்திலேயே காட்ட ஒரு பயணம் வசதிப்பட்டால் தாந்தாமலை போதும். பெற்றோர் எப்படியும் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். தெற்கே பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் உகந்தை, அங்கே பாறை கடலோரத்திலேயே நிற்கிறது. குடும்பிமலை பார்க்க எடுப்பாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தூரம். எங்கே போனாலும் உச்சிக்கு ஏற்றுவதில் நேரத்தைச் செலவழிக்காமல் அடிவாரத்தில் நில்லுங்கள். பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகாய்க் கழன்று நிற்கும் இடம் ஒன்று இருக்கும். அதன் கீழே கையால் நொறுக்கக்கூடிய உக்கல் கல், அதன் கீழே பருமணல், இன்னும் பத்தடி தள்ளினால் புல் முளைத்த மண். பாறை மண்ணாகும் வழி முழுவதையும் பிள்ளை நாலெட்டில் நடந்து பார்த்துவிடும். ஒரு சென்ரிமீற்றர் மண் உண்டாக எத்தனை ஆண்டு என்று பெற்றோர் கேட்பார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். பாறை, மழை, சரிவு எல்லாவற்றையும் பொறுத்தது அது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்கு அந்த எண்ணும் வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழ் நூறு ஆண்டும் ஆயிரம் மில்லியன் ஆண்டும் ஒன்றுதான் என்பதை வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கனியத்துக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று உப்பு. உப்புக் கரைசலைத் தட்டையான பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் சதுரச் சதுரமாய்ப் பளிங்கு கட்டும். கண்ணாடியால் பார்த்தால் மூலை விளிம்பு எல்லாம் வெட்டி எடுத்த மாதிரி நேராக இருக்கும். மற்றது பென்சில். உள்ளே இருப்பது ஈயம் இல்லை, காரீயமும் (கிரபைட்) களியும் சேர்ந்த கலவை. அந்தக் காரீயம் போகலையிலும் கஹட்டகஹவிலும் சுரங்கத்திலிருந்து எடுக்கப்படும் நம் நாட்டுக் கனியம். கடினத்தைச் சோதிக்க நகமும் இரும்பாணியும் இருந்தால் சரி. நகம் கீறுகிறதா, ஆணி கீறுகிறதா, இரண்டும் கீறவில்லையா? குவார்ட்ஸை ஆணி கீறாது, குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறிவிடும். 1812இல் பிரெடெரிக் மோஸ் என்பவர் கனியங்களை ஒன்று முதல் பத்து வரை அடுக்கியதும் எது எதைக் கீறும் என்பதை வைத்துத்தான். அந்த அடுக்கில் குவார்ட்ஸ் 7, நம் நீலக்கல்லின் இனம் 9, வைரம் 10. கீறிய பிறகு விரலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வேளை கீறல் என்று நினைத்தது ஆணியின் இரும்புத் தூளாக இருக்கும்.

மண் பாடத்துக்குத்தான் நம் மாவட்டம் போல வேறு இடம் இல்லை. வாவிக்கு இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் வயல், நடுவில் சேறு. வெள்ளாமைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, ஒரு கட்டி மண் எடுப்பியுங்கள். வாவிக்கரைச் சேறு ஒரு கைப்பிடி, முற்றத்து மணல் ஒரு கைப்பிடி. மூன்று ஜாம் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மூடிக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இருக்கும், வண்டல் சில மணித்தியாலத்தில் படியும், களி மறுநாளும் கலங்கலாய் நிற்கும். போத்தலை அசைக்காமல் வைக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறையில் அதுதான் கஷ்டமான பகுதி, எட்டாத தட்டில் வையுங்கள். பிறகு ஈரமண்ணை உருட்டிப் பார்ப்பது. மணல் உருளாது. வயல் மண் திரியாக உருளும், வளைத்தால் வெடிக்கும். நல்ல களி வளையமாகவே வளையும். குயவரும் செங்கல் வாடிக்காரரும் மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பது இதைத்தான். உங்கள் குறிப்புக்காக: கரையோர மணலை மண்ணியலில் றெகோசோல் என்பார்கள், உள்ளே படுவான்கரைப் பக்கம் பரவலாக இருப்பதில் ஒன்று கல்சியமற்ற கபில மண். ஆனால் ஒரே வட்டைக்குள்ளும் மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் வேறு. கொண்டு வந்த கட்டி எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

அடி வெட்டிய போத்தலைத் தலைகீழாய்ப் பிடித்து, வாயில் துணி கட்டி, மணலையும் களியையும் தனித்தனியே நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எதில் கெதியாக இறங்குகிறது என்று தெரியும். எழுவான்கரைக் கிணறுகளில் மழை பெய்ததும் தண்ணீர் மட்டம் ஏறுவது இதனால்தான். மலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அதைப் பிள்ளைகளை விடக் கூட்ட நாளில் பெற்றோருக்குச் செய்துகாட்டுவது பிரயோசனம். நிறமும் ஒரு பாடம். கிறவல் வீதியின் சிவப்பும் ஈரத்தில் கிடந்த ஆணியின் துருவும் இரும்பின் வேலை. வாவிச் சேற்றின் கறுப்பு, காற்று புகாத அடியில் இலை தழை அழுகும்போது இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது; அந்த நாற்றம் அப்போது வெளிவரும் கந்தக வாயு. கறுப்புச் சேற்றை ஒரு தட்டில் பரப்பிக் காற்றுப்பட வைத்தால் மேற்பரப்பு மெல்லக் கபிலமாக மாறும், உள்ளே கிளறினால் இன்னும் கறுப்பாகவே இருக்கும்.

முருகைக்கல்லைப் பற்றியும் கேட்பார்கள், பாசிக்குடா போகாத பிள்ளை குறைவு. அது கடலில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. வினாகிரி விட்டால் நுரைக்கும், கருங்கல் நுரைக்காது. இந்தச் சோதனைக்கு மட்டிச் சிப்பியோ முட்டைக் கோதோ போதும். முருகைக்கல்லை உடைப்பதும் கடலிலிருந்து எடுப்பதும் சட்டப்படி குற்றம், பிள்ளைகளைச் சேகரிக்கச் சொல்லாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே வகைச் சுண்ணாம்பைச் சுட்டு எடுத்ததுதான், ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. செங்கல் பாறையா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மண்ணை மனிதர் சுட்டது, அதனால் பாறைக் கணக்கில் வராது என்று சொல்லுங்கள். அம்மி பாறைதான். கொங்கிறீற்று, பாறைத் துண்டுகளை மனிதர் ஒட்டியது.

வயதைப் பொறுத்தவரை, நாலைந்து வயதுக்குத் தொட்டுப் பார்ப்பது, பிரிப்பது, அடுக்குவது போதும். எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். நிறம், பாரம், சொரசொரப்பு, "எனக்குப் பிடித்தது" எல்லாம் செல்லும். பெயர்களையும் முதலில் அவர்களே வைக்கட்டும். மைக்காவுக்கு "மினுக்கி" என்று பெயர் வைத்த வகுப்பில் அதை ஒருவரும் மறக்கவில்லை, மைக்கா என்ற சொல்லைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். காந்தம், ஆணி, வினாகிரி எல்லாம் ஆறு வயதுக்கு மேல். கற்களை முட்டைத் தட்டில் வைத்து, எங்கே எடுத்தது என்று ஒரு துண்டுத் தாளும் வையுங்கள். எடுத்த இடம் தெரியாத கல் எங்களைப் போன்றவர்களுக்கும் பயன்படாது.

சில முன்னெச்சரிக்கைகள். கல்லைப் பிள்ளைகள் முன் சுத்தியலால் உடைக்காதீர்கள், சில்லு கண்ணில் தெறிக்கும். ஸ்பீக்கர் காந்தம் பெரிது, பயமில்லை. விளையாட்டுச் சாமான்களில் வரும் குண்டுமணி அளவுக் காந்தங்கள் வேண்டவே வேண்டாம், இரண்டை விழுங்கினால் குடலைத் துளைத்துவிடும். மாரி காலத்தில் வயல் சேற்றில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் உண்டு; மண்ணைப் போத்தலில் கொண்டுவந்தே பாருங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். கடைசியாக, வெளியே கல் பொறுக்கப் போனால் உலோகப் பொருள் எதையும் தொடக்கூடாது என்று முதலே சொல்லி வையுங்கள். மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும், துருப்பிடித்த உருளையோ தகடோ கண்டால் குனியாமல் விலகி வந்து ரீச்சரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு 119க்கு அறிவியுங்கள்.